வீடும் வீதியும் விதியும்: வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ‘இதை எந்த அலுவலகத்தில் கேட்பது?’ என்றே முடிகின்றன. முதல் கேள்விக்கு உரிய பதில் பல கடிதங்களுக்கும் பொருந்துவதால் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: சென்னைப் புறநகரில், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவு ஒன்றில் 2010ஆம் ஆண்டு மனை வாங்கி வீடு கட்டினோம். வரைபடத்தில் பூங்கா என்று காட்டப்பட்ட இடத்தில் இத்தனை ஆண்டுகளாகக் கருவேலம் புதர்தான் இருந்தது. இப்போது மனைப்பிரிவு போட்டவரின் மகன் அங்கே கம்பிவேலி போட்டு, ‘தனியார் சொத்து, அத்துமீறக் கூடாது’ என்று பலகை வைத்துவிட்டார். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால், அந்த இடம் தங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், சென்னைப் புறநகர்

பதில்: ஐயா, அந்த மகனின் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகளைக் கழித்த மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடமாக விட வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில் இடம் விட முடியாத நிலை இருந்தால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேற்பட்டால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். சாலைகளையும் பூங்கா இடத்தையும் மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகே இறுதி அனுமதி கிடைக்கும். ஆகவே தானம் பதிவான அன்றே அந்த இடம் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் பட்டா தானாக மாறுவதில்லை. தானம் பெற்ற உள்ளாட்சி அமைப்பு வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்து உட்பிரிவு செய்து, தன் பெயருக்குப் பட்டாவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட இடங்களில் வருவாய்ப் பதிவேட்டில் பழைய உரிமையாளரின் பெயரே நீடிக்கும். தந்தை காலமான பிறகு வாரிசுச் சான்றிதழோடு மகன் வருவது இந்த இடுக்கின் வழியாகத்தான்.

நான் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்த ஓர் ஊரில் (ஊர்ப் பெயர் வேண்டாம்), இதே போன்ற தகராறு ஒன்றில் தானப் பத்திரத்தின் அசலைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய தெருவிளக்குப் பில்கள் அடங்கிய கோப்புக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பதிவாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் அலுவலகச் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரி கூட ஏறவில்லை. ‘எங்கள் பதிவேட்டில் இல்லை’ என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பதிவேட்டில் இல்லை என்பதும் சொத்தே இல்லை என்பதும் ஒன்றல்ல.

இனி செய்ய வேண்டியது. உங்கள் பத்திரத்தோடு வந்த மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்து, ஓரத்தில் ‘பி.பி.டி./எல்.ஓ.’ என்று தொடங்கும் அனுமதி எண்ணையும் ஆண்டையும் பாருங்கள். பல வரைபடங்களில் அதன் அருகிலேயே, சாலைகளும் பூங்காவும் எந்த எண்ணுள்ள தானப் பத்திரத்தின் மூலம் எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டன என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது நகலின் நகலாக இருந்து எழுத்து மங்கியிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சி.எம்.டி.ஏ.வின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் அனுப்புங்கள். அதில் ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்கு ‘தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகல், தானப் பத்திரத்தின் நகல், உள்ளாட்சிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

அதே வேளையில் பதிவுத் துறையின் இணையதளத்தில், பூங்கா அமைந்துள்ள நில அளவை எண்ணுக்கு வில்லங்கச் சான்று பாருங்கள். உங்கள் மனைக்கு அல்ல, பூங்காவின் எண்ணுக்கு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மனைப்பிரிவு போடப்பட்ட ஆண்டிலிருந்து இன்று வரை பாருங்கள். தானப் பத்திரம் அதில் தெரிந்தால் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். அடுத்து, வருவாய்த் துறையின் இணையதளத்தில் அதே எண்ணுக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

தானமும் இருந்து பட்டாவும் உள்ளாட்சியின் பெயரில் இருந்தால் இது வெறும் ஆக்கிரமிப்பு. ஆணையருக்கு எழுதினால் வேலியை அகற்ற வேண்டியது அவர் பொறுப்பு. தானம் இருந்து பட்டா மட்டும் பழைய பெயரில் இருந்தால், பட்டா மாற்றம் கோரி வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கும்படி ஆணையரிடம் வற்புறுத்துவதோடு, வட்டாட்சியருக்கும் நீங்களே நேரடியாக ஆட்சேப மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இவை நடந்துகொண்டிருக்கும்போதே சார்பதிவாளருக்கும் தானப் பத்திர நகலோடு ஒரு கடிதம் போக வேண்டும். அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் சொந்தமான நிலத்தை உரிய அனுமதியின்றி மாற்றித் தரும் பத்திரத்தைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு சொல்கிறது. வேலியை என்றைக்கு வேண்டுமானாலும் பிடுங்கலாம். அந்த இடம் நான்கு மனைகளாக விற்கப்பட்டு, நான்கு அப்பாவிகள் கடன் வாங்கி வீடு கட்டிய பிறகு அதை மீட்பது மிகக் கடினம். ஆகையால் முதல் கடிதம் சார்பதிவாளருக்கே போகட்டும் என்பது என் கருத்து.

தானமே பதிவாகவில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் சிக்கல்தான். ஆனால் கைவிட வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா என்று காட்டி மனைகளை விற்ற பிறகு, அந்த இடத்தை வேறு பயனுக்குத் திருப்ப அவருக்கு உரிமையில்லை என்று நீதிமன்றத்தில் வாதிட உங்களுக்கு வலுவான அடிப்படை உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்ததை, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு ஏற்க மறுத்தது. பூங்கா பறிபோனால் வழக்குத் தொடுக்கக் குடியிருப்போருக்குத் தகுதி உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஐயமின்றி நிலைநாட்டியது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால், தனி ஆளாகப் போகாமல் குடியிருப்போர் நலச் சங்கத்தைப் பதிவு செய்துகொண்டு போங்கள். முன்பே அதிகாரிகளுக்குக் கொடுத்த மனுக்களின் ஒப்புகை உங்கள் கையில் இருக்க வேண்டும். நீதிமன்றம் முதலில் அதைத்தான் கேட்கும்.

கேள்வி: பக்கத்து மனையில் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவது தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கிறார்கள். இரு வீட்டுக்கும் இடையே கை நீட்டினால் சுவர் தட்டுகிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் திட்டக் குழுமத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் திரும்பவும் இங்கேயே அனுப்புகிறார்கள்.
— இல்லத்தரசி, ஒரு மாவட்டத் தலைநகர்

பதில்: அம்மா, உங்களை அலையவிடுவதற்கு அவர்கள் காட்டும் சாக்கு, திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு என்பதாக இருக்கும். திட்ட அனுமதி 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ.வும், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதற்குப் பொறுப்பு. கட்டட அனுமதி உள்ளாட்சி அமைப்பு தருவது. சிறிய கட்டடங்களுக்கு இரண்டையும் தரும் அதிகாரம் உள்ளாட்சியிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. யார் கையொப்பமிட்டு அனுமதி தந்தார்களோ அவர்களே மீறலையும் தடுக்க வேண்டியவர்கள் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். நீங்கள் சொல்லும் அளவுள்ள வீட்டுக்கு அது அநேகமாக உள்ளாட்சி அமைப்பே.

அனுமதி எண் உங்களுக்குத் தெரியாது என்றால் அதுவே ஒரு புகார். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமானம் முடியும் வரை அந்த இடத்திலேயே பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டிருக்கிறது. பலகை இல்லாத அந்த வாசலைப் படம் எடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

நாள்தான் இங்கே முக்கியம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவில் நடக்கும் பணியை நிறுத்தச் சொல்லலாம். 56ஆவது பிரிவில் கட்டியதை அகற்றச் சொல்லலாம். பணியை நிறுத்துவது எளிது, அகற்றுவது பெரும்பாடு. அகற்றும் அறிவிக்கை போனதும் உரிமையாளர் அரசிடம் மேல்முறையீடு செய்வார், பிறகு நீதிமன்றத்தில் தடை கேட்பார். இதற்குள் மூன்றாவது தளத்துக்கு வாடகைக்கு ஆள் வந்து, தொட்டியில் துளசியும் வைத்துவிடுவார்கள். ஆகவே கான்கிரீட் போடுவதற்கு முன்பே, சென்ட்ரிங் பலகை தெரியும்படி தேதியோடு எடுத்த படத்தை இணைத்து, ஆணையருக்கும் நகரமைப்பு அலுவலருக்கும் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பதிவு செய்து புகார் எண் வாங்கிக்கொள்வதும் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். புகார் கடைசியில் அதே அலுவலகத்தின் மேசைக்குத்தான் வந்து சேரும்.

‘அபராதம் கட்டினால் வரன்முறைப்படுத்திவிடுவார்கள்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அதே சட்டத்தின் 113-சி பிரிவின் கீழான வரன்முறை 2007 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கானது. இன்று சென்ட்ரிங் அடிப்பவருக்கு அது பொருந்தாது. இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. புகார் மனுவை ஆயுதமாக வைத்துக்கொண்டு கட்டுபவரிடம் பணம் பறிக்கும் கூட்டம் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதால், அலுவலர்கள் எந்தப் புகாரையும் சந்தேகத்தோடுதான் பிரிப்பார்கள். உங்கள் வீட்டு முகவரியோடும், எந்தப் பக்கம் எத்தனை அடி விடவில்லை என்ற அளவோடும் எழுதப்பட்ட மனுவுக்கு அந்தச் சந்தேகம் வராது.

கேள்வி: சுயசான்று முறையில் உடனடியாகக் கட்டட அனுமதி கிடைக்கிறதாமே? அப்படியானால் இனிமேல் யாரும் வந்து பார்க்கவே மாட்டார்களா?
— மின்பணியாளர், மதுரை

பதில்: 2024 ஜூலையில் தொடங்கிய திட்டம் அது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கொண்ட வீடு கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி அப்போதே வந்துவிடுகிறது. முன்கூட்டிப் பார்வையிடுவது இல்லை என்பதற்காகப் பிறகு கேட்கமாட்டார்கள் என்று பொருளல்ல. நீங்கள் அளித்த உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். நடுத்தர மக்களுக்கு இது பெரிய விடுதலை என்பதே என் கருத்து. மனை அங்கீகாரம் பெற்றதா, நீர்நிலையில் இருக்கிறதா என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டுக்கு 80 சதவீதப் பணம் கட்டி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கட்டடம் பூச்சு வேலையோடு நிற்கிறது. கட்டுமான நிறுவனத்தார் ‘பணிநிறைவுச் சான்று வர வேண்டும்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ரெராவுக்கு (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) போனால் பணம் வருமா?
— வங்கி ஊழியர், கோவை

பதில்: பூச்சு வேலை முடியாத கட்டடத்துக்கு யார் பணிநிறைவுச் சான்று தருவார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ அமையும் திட்டம் 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால், எந்தத் தேதிக்குள் முடிப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரியும். விற்பனைப் பிரதிநிதி உங்களிடம் சொன்ன தேதியைவிட இந்தத் தேதிக்கே மதிப்பு அதிகம். உங்கள் ஒப்பந்தத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதி கடந்திருந்தால் 18ஆவது பிரிவு இரண்டு வழிகள் தருகிறது. விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது வீடு வேண்டுமென்றால் கையளிக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உங்கள் பணம் அடுத்த ஊரில் அஸ்திவாரமாகிவிட்டதா என்பதை விசாரிக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள்.

‘பணம் வருமா’ என்பதற்கு நேர்மையான பதில், உத்தரவு வரும், பணம் தாமதமாக வரலாம் என்பதே. உத்தரவை நிறுவனம் மதிக்காவிட்டால் அந்தத் தொகை நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கப்பட வேண்டும். அதாவது வசூல் சான்று மாவட்ட ஆட்சியருக்குப் போகும். இந்தச் சட்டத்தின் பலவீனமான கணு அதுதான். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தச் சான்று எந்த வட்டாட்சியரிடம் போயிருக்கிறது என்று நீங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் விற்காத வீடுகள், நிலங்கள் பற்றிய விவரங்களைத் திரட்டிக் கொடுத்தால் ஜப்தி விரைவாகும்.

கேள்வி: நாங்கள் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். சமையலறைக் கூரைப் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது. தனியார் கட்டினால் அரசு பார்க்கும். அரசே கட்டினால் யார் பார்ப்பார்கள்?
— வீட்டு வேலை செய்பவர், வட சென்னை

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளில் கூர்மையானது உங்களுடையது. 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021ஆம் ஆண்டு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பே இடம் தேர்வு, ஒப்பந்தம், கட்டுமானம், ஒதுக்கீடு, பராமரிப்பு எல்லாவற்றையும் தானே செய்கிறது. தன் வேலையைத் தானே தணிக்கை செய்கிறவர்கள் கறாராக இருப்பது கடினம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்வதை மக்கள் படம் எடுத்து வெளியிட்ட பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் ஒன்றில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கவனித்து மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால்தான் ஓர் உயிர் கூடப் போகவில்லை. அங்கே காப்பாற்றியது குடியிருந்தவர்களின் கண்.

கம்பி தெரிகிறது என்றால் அது துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது என்று பொருள். மேலே சுண்ணாம்பு பூசி மறைக்காதீர்கள்; பொறியாளர் வந்து பார்க்கும்போது அது தெரிய வேண்டும். உங்கள் கோட்டத்தின் செயற்பொறியாளருக்குப் பிளாக் எண், கதவு எண் போட்டு, அந்த வரிசையில் இருக்கும் மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதுங்கள். கட்டமைப்பு உறுதித்தன்மை ஆய்வு வேண்டும் என்று அதே சொற்களில் கேளுங்கள். ‘பழுதுபார்க்க வேண்டும்’ என்று எழுதினால் ஒரு சட்டி சிமென்ட்டோடு கொத்தனார் வருவார். ஆய்வு முன்பே நடந்திருந்தால் அதன் அறிக்கை நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்கான சான்றை இணைத்தால் கட்டணமும் இல்லை. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் தருகிறது. அது அன்றாடப் பராமரிப்புக்கு உரியது; கூரைக் கம்பிக்கு அதிலிருந்து செலவழிக்கச் சொன்னால் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: கிராமத்தில் கிராம சபை இருப்பது போல நகரத்தில் எங்களுக்கு ஒன்றும் கிடையாதா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உண்டு. பகுதி சபை என்று பெயர். முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. ஆண்டுக்கு நான்கு முறை கூட்டப்பட வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினரின் தலைமையில் வார்டு குழுவும் உண்டு. கிராம சபை அளவுக்கு இதற்குப் பல் முளைக்கவில்லை. பல இடங்களில் பத்துப் பேர் கூடி, தேநீர் குடித்துக் கலைகிறார்கள். ஆனாலும் வடிகால், தெருவிளக்கு, குப்பைத் தொட்டி போன்றவற்றுக்கு இங்கே எழுப்பும் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். போகும்போது கோரிக்கையை இரண்டு பிரதிகளாக எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.